காற்றும் ஆலங்கட்டியும் அடித்த பயிர்: முதல் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சித்திரை மாதப் பின்னேரம். வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். நுவரெலியாப் பக்கத்துக் கந்தப்பளையில் மரக்கறித் தோட்டம் செய்கிற அண்ணன் ஒருவர் வட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். கோவா, அதாவது முட்டைக்கோஸ் பாத்தி. பாத்திகளுக்கு நடுவே, வாய்க்காலில் வெள்ளையாக ஏதோ குவிந்து கிடந்தது. கல்லுப்பு மூட்டை உடைந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் குரல் பதிவு வந்தது: "தம்பி, ஐஸ் மழை. பத்து நிமிசந்தான். கோவா எல்லாம் சல்லடையாப் போச்சு."

நான் உடனே பதில் போட்டேன்: "எல்லாத்தையும் புரட்டிட்டு வேற போடுங்கண்ணே." கொழும்பில் இருந்துகொண்டு யோசனை சொல்வதற்குக் காசா பணமா! நல்லவேளை, அவர் கேட்கவில்லை. அந்தக் கோவா நட்டு நாலு வாரம்தான், தலை கட்டத் தொடங்கவில்லை. வெளி இலைகள் கிழிந்திருந்தனவே தவிர நடுக்குருத்து தப்பியிருந்தது. பிந்தியும் சிறுத்தும் போனாலும் பாதிக்கு மேல் தலை கட்டியது. நான் சொன்னபடி செய்திருந்தால் அந்தப் போகமே போயிருக்கும்.

இந்த வழிகாட்டி என்னைப் போன்றவர்களுக்காகத்தான்: ஊரில் காணியோ பங்கோ வைத்துக்கொண்டு கொழும்பில் இருப்பவர்கள், மொட்டைமாடியில் நாலு சாடி வைத்திருப்பவர்கள், புயல் அடித்த மறுநாள் போனில் "என்ன செய்யலாம்?" என்று கேட்கப்படுகிறவர்கள். முதல் நாள் கண்ணுக்குத் தெரியும் சேதம் வேறு, பயிரின் உண்மையான இழப்பு வேறு. கிழிந்த இலை பெரிதாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் பிழைக்கும். அசைந்த வேரும் நசுங்கிய தண்டும் கண்ணில் படாது. பயிரைக் கொல்வது அவைதான்.

கல் எப்படி விழுகிறது, எங்கே விழுகிறது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தை, மாசியில் நுவரெலியாப் புல்வெளி வெள்ளையாக இருக்கிற படங்கள் வரும்போது "ஆலங்கட்டி மழை" என்று பகிர்கிறார்கள். அது உறைபனி. தெளிந்த, காற்றில்லாத இரவில் தரை குளிர்ந்து, இலைமேல் படிகிற நீராவி உறைவது. ஆலங்கட்டி அதற்கு நேர்மாறான நாளில் வரும்: காலையில் நல்ல வெயில், மத்தியானத்துக்குப் பிறகு கருமுகில், இடி. நம் நாட்டில் பங்குனி, சித்திரை மாதங்களில், பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலத்தில், இந்தப் பின்னேர இடிமழை அதிகம். மலைநாட்டில் கல் விழுவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

இடிமுகிலுக்குள் காற்று வேகமாக மேலே ஏறுகிறது. உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் நிற்கிற நீர்த்துளிகள் ஒரு சிறு பனித்துண்டில் மோதி ஒட்டிக்கொள்ள, அது பருக்கிறது. மேலேறும் காற்றால் தாங்க முடியாத எடை வந்ததும் விழுகிறது. 5 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் விட்டமுள்ளதைத்தான் வானிலைக்காரர்கள் ஆலங்கட்டி என்று கணக்கெடுக்கிறார்கள்.

கொழும்பில் ஏன் இது அபூர்வம்? நம்முடைய வானத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்கு இறங்குகிற மட்டம் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்புக்கு வர வேண்டிய கல் அவ்வளவு தூரமும் சூடான காற்றுக்குள் விழ வேண்டும், வழியிலேயே கரைந்துவிடும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம். அங்கே கல்லுக்குப் பயணம் குறைவு, அதனால் கல்லாகவே தரையைத் தொடுகிறது. கொழும்புக்காரருக்கு அது பேலியகொடை மெனிங் சந்தையில் லீக்ஸ் விலையாகத்தான் வந்து சேரும்.

கல்லின் அளவைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். விட்டம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு. விழும் வேகமும் கூடும். மொத்தத்தில் அடிக்கிற சக்தி ஏறத்தாழ பதினாறு மடங்கு. மிளகளவு கல் இலையில் புள்ளி போடும், கடலையளவு கல் இலையைத் துளைக்கும், நெல்லிக்காயளவு கல் தண்டை நசுக்கும். ஆகவே ஊரிலிருந்து படம் அனுப்புகிறவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு நேரம் பெய்தது?" என்பதைவிட "கல் எவ்வளவு பெரிசு?" என்பதுதான். கரைவதற்குள் ஒரு பத்து ரூபாய்க் குற்றியைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

காற்று செய்கிற நாலு வேலை

தள்ளுவது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நாலு மடங்கு. வளிமண்டலவியல் திணைக்களம் "மணித்தியாலத்துக்கு 40" என்று சொன்ன அடுத்த நாள் "80" என்று சொன்னால், இரட்டிப்புத்தானே என்று இருக்கக் கூடாது. ஈரமான மண்ணில் இது இன்னும் மோசம், ஏனெனில் வேரின் பிடி ஏற்கெனவே தளர்ந்திருக்கும். நாலு நாள் மழைக்குப் பிறகு வருகிற நடுத்தரக் காற்று, காய்ந்த மண்ணில் அடிக்கிற பெருங்காற்றைவிட அதிக மரங்களைச் சாய்ப்பதுண்டு.

உரசுவது. இலை இலையோடு, காய் தண்டோடு, மணல் எல்லாவற்றோடும். காயில் பழுப்பு நிறச் சொறி போலத் தெரிகிற தழும்பு பெரும்பாலும் இதுதான். தின்னலாம், ஆனால் சந்தையில் விலை போகாது.

உலர்த்துவது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் கச்சான் காற்று என்று சொல்வார்களே, அதுதான். தென்மேற்குக் காற்று மலையின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மறுபக்கம் இறங்கும்போது காய்ந்தும் சூடாகவும் வரும். எதுவும் முறியாது, விழாது. ஆனால் பூக்கிற நேரத்தில் நெல்லுக்கு அது அடித்தால் கதிரில் பதர் கூடும்.

நாலாவது, ஆட்டுவது. இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ராத்திரி முழுக்கக் காற்று அடித்த மறுநாள் ஒரு மிளகாய்க் கன்றின் அடியில் குந்திப் பாருங்கள். தண்டைச் சுற்றி மண்ணில் விரல் நுழைகிற அளவுக்குப் புனல் போல ஒரு ஓட்டை இருக்கும். அதில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கன்று பச்சையாக, நிமிர்ந்து, ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும். ஆனால் ராத்திரி முழுக்க ஆடியதில் தண்ணீர் உறிஞ்சுகிற நுண்வேர்கள் அறுந்திருக்கும். இரண்டு நாள் மப்பும் மந்தாரமும், மூன்றாம் நாள் வெயில் எறிக்கும்போதுதான் கன்று வாடும். "மழை விட்ட பிறகு ஏதோ நோய் வந்துவிட்டது" என்று மருந்துக் கடைக்கு ஓடுவார்கள். நோய் இல்லை. வேர் அறுந்தது. அந்த ஓட்டையை முதல் நாளே மண் போட்டு மூடிக் காலால் மெல்ல மிதித்துவிட்டிருந்தால் பாதிக் கன்று தப்பியிருக்கும்.

படி 1: முன்னறிவிப்பைப் பயிரின் மொழிக்கு மாற்றுங்கள்

அறிவிப்பில் வருகிற எண்ணை வைத்து இப்படி ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 25, 30 கிலோமீற்றர் வேகத்தில் வாழையிலை கிழியும், தேனீ பறப்பதைக் குறைத்துக்கொள்ளும். 40, 50 இல் குடை பிடிக்க முடியாது. பந்தல் ஆடும், முருங்கைக் கொப்பு முறியும், குலை தள்ளிய வாழை சாயத் தொடங்கும். 60, 70 க்குப் போனால் மரங்களில் சிறு கிளைகள் ஒடியும், முட்டு இல்லாத வாழைத் தோட்டம் தரையில் கிடக்கும். அதற்கு மேல் போனால் பயிரை விடுங்கள், ஆட்களைப் பாருங்கள். 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் தோப்புத் தோப்பாகத் தென்னை அழிந்தது. அந்த வேகத்துக்கு முன்னால் தடியும் கயிறும் எதுவும் செய்யாது.

இன்னொன்று. பத்திரிகைகள் "மினி சூறாவளி" என்று எழுதுவதில் பல, இடிமுகிலுக்குள்ளிருந்து திடீரென்று கீழே இறங்கித் தரையில் பரவுகிற காற்று. இதற்கு முந்திய நாளே துல்லியமான எச்சரிக்கை வராது. மத்தியானத்துக்குப் பிறகு வானம் கறுத்து, சட்டென்று குளிர்காற்று முகத்தில் அடித்தால் உங்களுக்கு இருப்பது சில நிமிடங்கள். பந்தலுக்குக் கீழே நிற்காதீர்கள், தனித்த மரத்தடியிலும் நிற்காதீர்கள். மின்னல் பயிரைவிட ஆளைத்தான் முதலில் தேடும்.

படி 2: காற்றுக்கு முந்திய இரண்டு நாள்

இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் எல்லாரும் அறிந்ததுதான், செய்வதில்தான் பஞ்சி.

வடிகாலைத் திறந்து விடுங்கள். எல்லாவற்றுக்கும் முதல் இது. குலை போட்ட வாழைக்குக் குலை சாய்கிற பக்கத்தில் கவைத்தடி முட்டுக் கொடுங்கள். தடி இல்லாவிட்டால் எதிரெதிராகச் சாய்கிற இரண்டு மரங்களை ஒன்றோடொன்று கட்டலாம். விளைந்த காய்களைப் பறித்துவிடுங்கள். யூரியா போட நினைத்திருந்தால் ஒத்திப் போடுங்கள். முற்றிய நெல் என்றால் வெட்டு மெசினை இன்றே கூப்பிடுங்கள். நிழல் வலையைக் கழற்றிச் சுருட்டுங்கள். பெருங்காற்றில் வலை என்பது கப்பற்பாய். அது தானும் கிழிந்து, கட்டிய கம்பத்தையும் பிடுங்கிக்கொண்டு போகும். கல் மழைக்கு மட்டும் என்றால் கதை வேறு: நாற்றுமேடைக்கு மேல் இறுக்கிக் கட்டிய வலை, அதுவும் சரிவாகக் கட்டியது, நல்ல காவல்.

மொட்டைமாடிக்காரருக்கு: உயரத்தில் காற்று தரையில் இருப்பதைவிட வேகம். சாடிகளைக் கைப்பிடிச் சுவரின் மேலிருந்து இன்றைக்கே இறக்குங்கள். இது செடிக்காக மட்டும் சொல்வதில்லை, கீழே ஒழுங்கையில் ஆட்கள் நடக்கிறார்கள். உயரமான செடிகளைப் படுக்கப் போட்டுவிடலாம், ஒரு ராத்திரியில் ஒன்றும் ஆகாது. சாடிக்கு நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். எடையும் கூடும், உலர்காற்றுக்கும் தாங்கும்.

படி 3: காற்று ஓய்ந்த அன்றைக்குச் செய்ய வேண்டியது மூன்றே மூன்று

தண்ணீரை வெளியே விடுவது. சாய்ந்ததில் நிமிர்த்தக்கூடியதை நிமிர்த்துவது. படம் எடுப்பது. அவ்வளவுதான். வெட்டுவது, பிடுங்குவது, உரம் போடுவது, எல்லாவற்றையும் அழிப்பது, இதெல்லாம் அன்றைக்கு வேண்டாம்.

தண்ணீர் ஏன் முதல்? வேருக்கும் மூச்சு வேண்டும். பப்பாசி இதில் மிகவும் மென்மையானது. இரண்டு நாள் அடியில் தண்ணீர் நின்றால் காற்றில் விழாத பப்பாசியும் மஞ்சளாகிச் சாகும். மிளகாயும் அப்படித்தான்.

நிமிர்த்துவதற்கு ஒரு நேரம் இருக்கிறது. மண் ஈரமாக இருக்கும்போது, முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு சாய்ந்த நிலையிலேயே நுனி வளைந்து மேல்நோக்கி வளரத் தொடங்கிவிடும். அப்போது நிமிர்த்தினால் மிச்சமிருந்த வேரும் அறும். தக்காளி, கத்தரி, மிளகாயை மெதுவாக நிமிர்த்தி, அடியில் மண் அணைத்து, தடி ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள். ஆனால் இலை சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்போது செடிகளுக்குள் புகுந்து திரியாதீர்கள். ஈரக் கையிலும் உடுப்பிலும்தான் பக்டீரியா ஒரு காயத்திலிருந்து அடுத்த காயத்துக்குப் போகிறது.

கல் மழைக்குப் பிறகு விதைத்த பாத்தியையும் பாருங்கள். பலத்த அடியில் மேல்மண் இறுகிக் காய்ந்து ஓடு போலாகும். கரட், பீற்றூட் முளைகள் அதைக் கிழித்துக்கொண்டு வர முடியாமல் உள்ளேயே மடங்கிச் சாகும். மண் அரைகுறையாகக் காய்ந்ததும் லேசாகக் கொத்திவிட வேண்டும்.

படி 4: காயத்தைப் படிப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். தோட்டத்தை ஒரு சுற்று நடந்து, மூன்று இடத்தைப் பாருங்கள்: குருத்து, தண்டு, வேர். இலையைக் கடைசியாகப் பார்க்கலாம்.

வாழையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் மாமாவுக்கு யாழ்ப்பாணத்து நீர்வேலியில் கதலித் தோட்டம் இருக்கிறது. ஒவ்வொரு பெருங்காற்றுக்குப் பிறகும் எனக்கு வருகிற முதல் அழைப்பு அங்கிருந்துதான். இலை கிழிந்தால் கவலை வேண்டாம். வாழையிலை நரம்பு வழியே கிழியும்படிதான் அமைந்திருக்கிறது. கிழிந்த இலையில் காற்று வழிந்து போய்விடும், மரம் தப்பும். "பார்க்க அசிங்கமாக இருக்கிறது" என்று கிழிந்த இலைகளை வெட்டுகிறவர்கள் குலையின் சாப்பாட்டைத்தான் வெட்டுகிறார்கள்.

விழுந்த மரத்தில் கேட்க வேண்டியது: நடுவில் முறிந்ததா, வேரோடு பெயர்ந்ததா? முறிந்திருந்தால் குற்றம் காற்றினுடையது. பெயர்ந்திருந்தால் கிழங்கைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளையாக, நீளமாக வேர்கள் இருந்தால் மண் ஈரத்தால் விழுந்தது. வேர்கள் கறுத்து, கட்டையாக, பிய்த்தால் தோல் கழன்றுவருகிற மாதிரி இருந்தால் வட்டப்புழு. கிழங்கில் விரல் நுழைகிற சுரங்கம் ஓடியிருந்தால் கூன்வண்டு. ஒருமுறை மாமா படம் அனுப்பியபோது இருபது மரத்தில் பதினைந்து கிழங்கில் சுரங்கம் ஓடியிருந்தது. "காத்து அடிச்சு விழுத்திப்போட்டுது தம்பி" என்றார். காற்று வெறும் கடைசித் தள்ளுதான். அந்தக் கிழங்குகளின் குட்டிகளை எடுத்து வேறிடத்தில் நட்டிருந்தால் வண்டையும் சேர்த்து நட்டிருப்போம்.

முறிந்த மரத்தின் குலை முக்கால் பங்கு பருத்திருந்தால் வெட்டிக் கறிக்குக் காயாகக் கொடுத்துவிடலாம். இப்போதுதான் பொத்தி தள்ளியது என்றால் ஆசையை விட்டுவிட்டு மரத்தை வெட்டி, நல்ல வாள் குட்டி ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கழித்துவிடுங்கள். வாள் குட்டி என்றால் இலை வாள் போல ஒடுங்கி, அடி பருத்திருப்பது. அகன்ற இலையோடு சொகுசாக நிற்கிற குட்டியைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

நெல். சாய்ந்த நெல்லைப் பார்க்கும்போது எந்தப் பருவத்தில் சாய்ந்தது என்பதுதான் முழுக் கதையும். கதிர் வருவதற்கு முன் சாய்ந்தால், கணுக்கள் வளைந்து இரண்டு மூன்று நாளில் தானாக எழும்பும். தண்ணீரை வடித்துவிட்டுச் சும்மா விடுங்கள். பால் பிடிக்கிற பருவத்தில் சாய்ந்தால் இழப்பு அதிகம். ஒன்றின் மேல் ஒன்று கிடப்பதால் வெயில் படாது, மணி நிரம்பாது. சிறிய வயலென்றால் நாலைந்து தூரைச் சேர்த்துக் கட்டி நிறுத்தலாம். பெரிய வயலுக்கு அது நடவாத காரியம். முற்றியபின் சாய்ந்தால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது: ஈரத்தில் கிடக்கிற மணி கதிரிலேயே முளைக்கும். தண்ணீரை வடித்து, முந்தி அறுத்து, சாய்ந்த பகுதி நெல்லைத் தனியாகக் காயவிடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் நல்ல நெல்லின் விலையும் போகும். யூரியாவை அள்ளிப் போட்ட வயல்தான் முதலில் சாயும். பச்சைப் பசேல் என்று இருப்பதைப் பார்த்துப் பெருமைப்படுகிற பயிர் அது.

மலைநாட்டு மரக்கறிக்கு வருவோம். கோவாவில் நடுக்குருத்தைப் பாருங்கள். தலை கட்டுவதற்கு முன் குருத்து முழுசாக இருந்தால் பிழைக்கும். குருத்து நசுங்கியிருந்தால் பக்கத்தில் நாலைந்து குட்டித் தலை வரும், சந்தைக்கு உதவாது. தலை கட்டியபின் துளை விழுந்தால் மேலிலைகளைக் கழித்துவிட்டு உடனே விற்பதுதான் வழி. காத்திருந்தால் துளை வழியே அழுகல் இறங்கும், அதன் நாற்றத்தை ஒருமுறை அறிந்தவர்கள் மறக்க மாட்டார்கள். லீக்ஸின் குருத்து உள்ளே, கீழே இருப்பதால் புது இலை வரும். கரட்டில் மேல் இலை போனால் கிழங்கிலுள்ள சேமிப்பை எடுத்துத்தான் புது இலை விடும். ஆகவே அறுவடைக்கு இரண்டு வாரமே இருந்தால் இப்போதே கிளப்புங்கள். இன்னும் இரண்டு மாதம் இருந்தால் பொறுங்கள். உருளைக்கிழங்கு இளசில் இலையிழந்தால் மீளும். கிழங்கு பருக்கிற நேரத்தில் இழந்தால் விளைச்சலில் நேராகக் கைவைக்கும். போஞ்சியில் பூ உதிர்ந்தாலும் கொடி உயிரோடிருந்தால் மறுபடி பூக்கும். ஆனால் முளைத்து இரண்டிலை விட்ட கன்று வித்திலைக்குக் கீழே ஒடிந்தால் முடிந்தது.

சோளத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஐந்தாறு இலை வரும்வரை அதன் வளர்முனை மண்ணுக்குள்ளேயே இருக்கும். மேலே எல்லாம் கந்தலாகிப் போனாலும் கீழே உயிர் இருக்கும். சந்தேகமென்றால் ஒரு கன்றைப் பிடுங்கித் தண்டை நெடுக்குவாட்டில் கத்தியால் பிளந்து பாருங்கள். முனை வெண்மையாக, இறுக்கமாக இருந்தால் உயிர். பழுப்பாக, கூழாக இருந்தால் இல்லை.

தண்டுக் காயத்துக்கு நகமே போதும். கல் எந்தப் பக்கத்திலிருந்து காற்றோடு வந்ததோ அந்தப் பக்கத்தில் மட்டும் தண்டில் வரிசையாக நசுங்கல்கள் இருக்கும். ஒன்றை நகத்தால் சுரண்டுங்கள். தோலுக்குக் கீழே பச்சை தெரிந்தால் ஆறிவிடும். பழுப்பு, தண்டைப் பாதிக்கு மேல் சுற்றியிருந்தால் இன்றைக்கு நிமிர்ந்து நிற்பது காய் பாரம் ஏறும்போது அந்த இடத்தில்தான் முறியும்.

தென்னையில் ஓலை தொங்கினாலும் குரும்பட்டி உதிர்ந்தாலும் மரம் இருக்கும். நடுக்குருத்தை மட்டும் ஓரிரு வாரம் கவனியுங்கள். இழுத்தால் கையோடு வந்து, அடி நாறினால் குருத்தழுகல். ஓலை முறிந்த பச்சைக் காயத்தின் மணத்துக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும், ஆகவே காயங்களுக்குத் தார் பூசிவிடுவது நல்லது.

கொழும்புக் கடற்கரைக்காரருக்கு இன்னொரு வகைக் காயம் உண்டு. வைகாசி, ஆனியில் தென்மேற்குக் காற்று பலக்கும்போது வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளைப் பக்கத்து மொட்டைமாடிகளில், கடலைப் பார்த்த பக்கத்து இலை விளிம்பு மட்டும் தீய்ந்தது போலக் காயும். பூச்சியும் இல்லை, பங்கசும் இல்லை. கடலுப்பு. பின்னேரம் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள், கறிவேப்பிலை அடுத்த தளிரில் தேறிவிடும்.

படி 5: ஏழாம் நாளில் எண்ணுங்கள்

ஏழிலிருந்து பத்து நாள் கழித்து மறுபடி போங்கள், அல்லது போனில் வீடியோவில் நடந்து காட்டச் சொல்லுங்கள். இப்போதுதான் எண்ண வேண்டும். தோட்டத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக நடந்து, ஐந்து இடத்தில் நின்று, ஒவ்வோரிடத்திலும் அடுத்தடுத்த இருபது செடி. மொத்தம் நூறு. அதில் புதுத்தளிர் விட்டது எத்தனை, அப்படியே நிற்பது எத்தனை, செத்தது எத்தனை. வாசலுக்குப் பக்கத்தில் நின்று எண்ணினால் மனது எப்படியோ அப்படித்தான் கணக்கு வரும்.

பாதிக்கு மேல் தளிர்த்திருந்தால் பெரும்பாலும் வைத்திருப்பது லாபம். மறுபடி நடுவதென்றால் நாற்று, கூலி, உரம் மட்டும் செலவில்லை, நாட்களும் செலவு. பிந்தி நட்ட பயிர் அடுத்த மழையிலோ வரட்சியிலோ போய் மாட்டும். இந்தக் கணக்கைப் போடாமல் முதல் நாள் கோபத்தில் உழுதுபோட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நானும் கிட்டத்தட்ட அதைத்தான் கந்தப்பளை அண்ணனுக்குச் சொன்னேன்.

படி 6: நோய், மருந்து, உரம்

காயம் என்றால் திறந்த கதவு. இரண்டு நோயை மட்டும் சொல்கிறேன். நெல்லில் காற்று மழைக்குப் பிறகு இலை நுனியிலிருந்து ஓரமாக, அலை அலையாக மஞ்சளித்துக் காய்ந்துவந்தால் பக்டீரியா இலைவெளிறலாக இருக்கலாம். அந்த இலையை வெட்டி ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நட்டு வையுங்கள். சற்று நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் மாதிரிக் கலங்கல் இழை இறங்கினால் அதுதான். வயல் தண்ணீரை வடியுங்கள், யூரியாவை நிறுத்துங்கள். உருளைக்கிழங்கிலும் தக்காளியிலும் குளிர்ந்த ஈரநாட்களில் நனைந்தது போன்ற கரும்புள்ளி விழுந்து, விடியற்காலையில் இலைக்கு அடியில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் பின்வெளிறல். அதற்கு ஒரு வாரம் காத்திருக்க முடியாது, நாலைந்து நாளில் தோட்டமே கருகும்.

செப்பு கலந்த மருந்துகள் காயத்தை ஆற்றாது, புதிதாகத் தொற்றுவதைத்தான் தடுக்கும். இலை காய்ந்தபின் அடித்தால்தான் அதுவும். அளவையும் அறுவடைக்கு முன் விட வேண்டிய நாட்களையும் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்திலும் கேட்கலாம்.

உரம்: வேர் அறுந்த பயிருக்கு முதல் வாரம் யூரியா போடுவது, காய்ச்சல்காரனுக்குப் புரியாணி கொடுப்பது மாதிரி. புதுத்தளிர் வந்த பிறகு, கொஞ்சமாக, இரண்டு தடவையாகக் கொடுங்கள்.

படி 7: கடதாசி வேலை

அலுப்பான வேலைதான். ஆனால் அன்றைக்கே செய்யாவிட்டால் பிறகு செய்து பயனில்லை. படங்களில் காணி அடையாளம் தெரிய வேண்டும்: வேலி, கிணறு, வீட்டுக் கூரை, ஏதாவது ஒன்று. வெறும் கிழிந்த இலையின் படம் யாருடைய இலையாகவும் இருக்கலாம். கிராம சேவையாளருக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் சொல்லுங்கள், எழுத்தில் கொடுத்துப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கமநலக் காப்புறுதிச் சபையை 1918 இல் அழைக்கலாம். உயிராபத்து, மண்சரிவு என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையம், 117.

அரசின் பயிர்க் காப்புறுதியில் முன்னுக்கு நிற்பவை நெல், சோளம், உருளைக்கிழங்கு, சோயா, பெரிய வெங்காயம், மிளகாய். வாழை, கோவா, லீக்ஸ் வைத்திருப்பவர்கள் போகம் தொடங்க முன்பே தனியாக விசாரியுங்கள். காற்றுச் சேதத்துக்கும் கல் மழைக்கும் கொடுப்பார்களா என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். வெள்ளத்துக்கும் வரட்சிக்கும் கொடுக்கிற காப்புறுதி எல்லாம் காற்றுக்கும் கொடுக்கும் என்று நினைத்து ஒருமுறை நாங்கள் ஏமாந்தோம். கடதாசியைப் படிக்காத தவறு எங்களுடையது.

படி 8: அடுத்த காற்றுக்கு வேலி

விழுந்த மரங்களை அப்புறப்படுத்த முன், எந்தத் திசைக்கு விழுந்தன என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வையுங்கள். எல்லாம் ஒரே பக்கம் என்றால் நேர்க்காற்று. விசிறி போல விரிந்திருந்தால் முகிலிலிருந்து இறங்கிய காற்று. குறுக்கும் மறுக்குமாகக் கிடந்தால் சுழல்காற்று. முதலாவதுக்கு மட்டும்தான் வேலி உண்மையாக உதவும்.

காற்றை முழுக்க மறிக்கிற மதில் நல்ல காவல் போலத் தோன்றும். ஆனால் மதிலைத் தாண்டிய காற்று அந்தப் பக்கம் சுழன்று விழுந்து, கொஞ்சம் தள்ளியிருக்கிற பயிரை இன்னும் மோசமாக உலுக்கும். பாதிக்காற்றை விட்டுப் பாதியை மறிக்கிற வேலிதான் சிறந்தது. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இருந்த கிளுவை வேலியும் பனையோலை வேலியும் அந்த வேலையைத்தான் செய்தன. நாங்கள் வெளிநாட்டுக் காசு வந்ததும் மதில் கட்டினோம், வாழை ஏன் விழுகிறது என்று இப்போது யோசிக்கிறோம். மொட்டைமாடியிலும் இதேதான்: கம்பிக் கைப்பிடியில் ஒளி பாதி தெரிகிற வலை கட்டினால் போதும், தகரம் அடிக்க வேண்டாம்.

வேலியின் உயரத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு தூரத்துக்கு அதன் காவல் நன்றாக இருக்கும். 3 மீற்றர் வேலி என்றால் 30 மீற்றர். நடுவில் இடைவெளி விடாதீர்கள், காற்று அந்த இடைவெளியில் ஒடுங்கி இன்னும் வேகமாக நுழையும். வேலியோரத்து இரண்டு வரிசைப் பயிருக்கு நிழலாலும் வேராலும் கொஞ்சம் நட்டம் உண்டு, அதைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

மாமாவின் அம்புக்குறிகள் ஏறத்தாழ எல்லாம் வடகிழக்கைக் காட்டின. சோழகம், அதாவது தென்மேற்குக் காற்று. ஆகவே தெற்கிலும் மேற்கிலும் கிளிசரியாத் தடி நடுவதென்று முடிவானது. கைக்கட்டை மொத்தம், ஆள் உயரம், அடிப்பக்கத்தைச் சரிவாக வெட்டி, ஐப்பசி மழை மண்ணில் இறங்கியபின் ஒரு முழம் ஆழத்துக்கு இரண்டு வரிசையாக, ஒன்றுக்கொன்று இடைவெளியை மறைக்கிற மாதிரி. வருசத்தில் இரண்டு தடவை கொப்பு வெட்டினால் வேலியும் அடர்த்தியாகும், வெட்டிய இலை வாழைக்குப் பசளையுமாகும். தடிக்கு ஆள் சொல்லியாயிற்று. இரண்டு பக்கத்துக்கும் இருநூறு தடி போதுமா என்று மாமா கேட்டிருக்கிறார், வேலியின் நீளத்தை அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.